ஒரே மெமரி கார்டில் இரண்டு உரிமங்கள்

ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் அளவீடுகளை மறையாக்கம் செய்து சர்வருக்கு அனுப்பும் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுகிற, வேலூர் சத்துவாச்சாரி அலுவலகம் ஒன்றில் பணியாற்றுகிறேன். லினக்ஸ் ஏற்றிய கருவியையே விற்கிறோம் என்பதால், உரிமப் பொருத்தம் எங்களுக்கு ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

அளவீட்டை அனுப்பும் நிரல், பலர் பங்களித்து, ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் மட்டுமே வெளியானது. அதனுடன் இணைந்திருந்த, மறையாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 நூலகத்தின் (பிற நிரல்கள் பயன்படுத்தும் ஆயத்த நிரல்தொகுப்பின்) உரிமமோ, அந்நூலகத்தைச் சுட்டும் விளம்பரங்களில் எல்லாம் ஒரு நன்றிக்குறிப்பு இடம்பெற வேண்டும் என்கிறது. இத்தகைய கூடுதல் நிபந்தனையை ஜிபிஎல் ஏற்பதில்லை. “எல்லாம் ஓப்பன் சோர்ஸ்தானே சார், யார் கேட்கப்போகிறார்கள்?” என்றார் இளம் பொறியாளர் ஒருவர். அந்த நிரலில் பதிப்புரிமை உள்ள எவரும் கேட்கலாம்.

இயங்குதளத்தோடு வரும் நூலகங்களுக்கு ஜிபிஎல்லில் விலக்கு உண்டு என்பது மெய்தான். ஆனால் அந்த நூலகமே நிரலோடு சேர்த்து வழங்கப்பட்டால் விலக்கு செல்லாது என்று அதே வாக்கியத்தின் கடைசிப் பகுதி சொல்கிறது; நாங்களோ இரண்டையும் ஒரே மெமரி கார்டில் ஏற்றித் தருகிறோம். இந்த வரியில் டெபியன் என்ற லினக்ஸ் வெளியீடு பல ஆண்டுகள் கறாராக நின்றது. மற்றொரு வெளியீடான ஃபெடோரா வேறு விதமாகப் பொருள்கொண்டது.

2021 செப்டம்பரில் வெளியான ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 அப்பாச்சி 2.0 உரிமத்துக்கு மாறியதோடு சிக்கல் தீர்ந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அது ஜிபிஎல் மூன்றாம் பதிப்போடுதான் பொருந்தும். இரண்டாம் பதிப்போடு பொருந்தாது என்பதே கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. “அல்லது பிந்தைய பதிப்பு” என்ற தொடர் இருந்தால் தப்பிக்கலாம். எங்கள் நிரலில் அது இல்லை.

உண்மையில் அந்த நிரல் ஓப்பன்எஸ்எஸ்எல்லை நேரடியாக அழைக்கவே இல்லை. ஒரு நிரல் சார்ந்திருக்கும் நூலகங்களைக் காட்டும் எல்டிடி கட்டளையின் பட்டியலில், இணையத்தில் தரவு அனுப்பும் லிப்கர்ல் நூலகம் வழியாக, ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பகுதியான லிப்எஸ்எஸ்எல் வந்து ஒட்டியிருந்தது. டெபியனில் லிப்கர்ல், ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு மாற்றான க்னூடிஎல்எஸ்ஸோடு இணைந்த வடிவிலும் கிடைக்கிறது. க்னூடிஎல்எஸ்ஸின் நூலகம், ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவமான எல்ஜிபிஎல் 2.1 உரிமத்தில் வருகிறது; அதற்குத் தேவையான நெட்டில், ஜிஎம்பி நூலகங்கள் இரண்டையும் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் கீழும் பெறலாம். அந்த வடிவத்தோடு இணைத்துக் கம்பைல் செய்தபோது நிரலில் ஒரு வரியும் மாறவில்லை. சர்வரின் டிஜிட்டல் சான்றிதழைச் சரிபார்க்கும் சோதனைகளை மட்டும் முழுதாக மீண்டும் நடத்தினோம். லிப்கர்ல் சார்ந்திருக்கும் வேறு ஏதேனும் நூலகம் பின்னொரு நாள் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் மற்றொரு பகுதியான லிப்கிரிப்டோவை இழுத்து வரக்கூடும் என்பதால், அந்தப் பெயர் எல்டிடி பட்டியலில் தென்பட்டாலே பில்ட் நின்றுவிடும்படி இப்போது வைத்திருக்கிறோம்.