குகைக்குள் ஒரு தலைவிளக்கு எத்தனை மணி நேரம் எரியும்?

மேகாலயாவின் குகைகளை அளந்து வரைபடமாக்கும் வேலைக்குப் பிப்ரவரியும் மார்ச்சும்தான் உகந்த மாதங்கள். மழை தொடங்கிவிட்டால் ஆற்றுக் குகைகளுக்குள் நுழைவது உயிரோடு விளையாடுவதாகும். ஜைந்தியா மலையில் 30 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கிரெம் லியாட் பிரா, மௌசின்ராம் அருகே மணற்கல்லில் உருவாகி 24 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கிரெம் பூரி போன்ற குகைகளைப் பற்றிப் படித்துவிட்டு, தாங்களும் போக வேண்டும் என்று ஆசைப்படும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எத்தனை லூமன் (விளக்கு வெளியிடும் மொத்த ஒளியின் அளவு) விளக்கு வாங்கலாம் என்பதுதான். எவ்வளவு வெளிச்சத்தில், எத்தனை மணி நேரம் எரிய வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்பேன். இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் லூமன் கேள்விக்குத் தானாகவே விடை கிடைத்துவிடும்.

விளக்கின் அட்டைப்பெட்டியில் 400 லூமன், 100 மணி நேரம் என்று இரண்டு எண்கள் அடுத்தடுத்து அச்சிடப்பட்டிருக்கும். முதல் எண் உச்ச வெளிச்சத்துக்கும் இரண்டாவது எண் மிகக் குறைந்த வெளிச்சத்துக்கும் உரியவை என்பதைப் பொடி எழுத்தில் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஒரே நிலைக்குரிய எண்களைப் படித்தாலும் கவனம் தேவை. கைவிளக்குகளுக்கும் தலைவிளக்குகளுக்கும் 2009-இல் அமெரிக்காவில் வெளியான எஃப்.எல்.1 தரநிலையின்படி, விளக்கை ஏற்றி 30 வினாடி கழித்து இருக்கும் வெளிச்சம் அதன் 10 சதவீதத்துக்கு இறங்கும் வரையிலான நேரமே எரியும் நேரமாகக் கணக்கிடப்படுகிறது. அதனால் 400 லூமனில் தொடங்கிய விளக்கு, அரை மணி நேரத்தில் 60 லூமனுக்கு இறங்கி அப்படியே ஆறு மணி நேரம் எரிந்தாலும், அந்த ஆறு மணி நேரமும் 400 லூமன் என்ற தலைப்பின் கீழேயே எழுதப்படும். வெளிச்சம் காலப்போக்கில் எப்படி இறங்குகிறது என்று காட்டும் வரைபடத்தை வெளியிடாத விளக்கை நான் குகைக்கு எடுத்துச் செல்வதில்லை.

பெட்டியில் உள்ளதை விட்டுவிட்டு நாமே கணக்குப் போடுவது எளிது. குகை விளக்குகளில் பரவலாகப் பயன்படும், மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய 18650 லித்தியம் செல் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது; நல்ல செல்லின் கொள்ளளவு 3,500 மில்லி ஆம்பியர் மணி இருக்கும். அதை 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட் மணி ஆற்றல் கிடைக்கிறது. இன்றைய தரமான எல்.இ.டி., அதை இயக்கும் மின்சுற்று, முன்னால் உள்ள லென்ஸ் ஆகிய மூன்றின் இழப்புகளையும் கழித்த பிறகு, மிதமான வெளிச்சத்தில் ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 லூமன் வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஒரு செல்லில் சுமார் 1,200 லூமன் மணி (லூமனை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) இருக்கிறது: 100 லூமனில் 12 மணி நேரம், 30 லூமனில் 40 மணி நேரம். மூன்று ஏஏஏ அல்கலைன் செல்களைப் போடும் விளக்கில் மூன்றுக்கும் சேர்த்தே சுமார் 4 வாட் மணிதான் தேறும்.

இந்தக் கணக்கை 1,000 லூமனுக்கு அப்படியே நீட்ட முடியாது. மின்னோட்டம் கூடக் கூட, ஒளியாக மாறாமல் வெப்பமாக வீணாகும் பங்கும் எல்.இ.டி.யில் கூடுகிறது, சிப் சூடாகச் சூடாகத் திறன் மேலும் குறைகிறது. 1,000 லூமனில் அதே செல் ஒரு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்காது. பல விளக்குகள் சூட்டைத் தணிக்கச் சில நிமிடங்களிலேயே தாமாக வெளிச்சத்தைக் குறைத்துவிடும். நம் கண்ணுக்கோ இரண்டு மடங்கு வெளிச்சமாகத் தோன்றுவதற்கு ஏறத்தாழ நான்கு மடங்கு லூமன் தேவைப்படுகிறது. நூறிலிருந்து நானூறுக்குப் போகிறவர் நான்கு மடங்குக்கும் அதிகமான மின்சாரத்தைக் கொடுத்து, இரண்டு மடங்கு வெளிச்சத்தை வாங்குகிறார்.

குகையை அளக்கும் நாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அளவைக் குழுவில் இருப்பவர் பெரும்பாலான நேரம் ஓரிடத்தில் நின்று, லேசர் அளவியைப் பிடித்துக்கொண்டோ குறிப்பேட்டில் குகைச் சுவரின் வடிவத்தை வரைந்துகொண்டோ இருப்பார். அதற்கு 30 லூமன் தாராளமாகப் போதும். அதைவிடக் கூடினால் வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பும் ஒளியில் கண் கூசும். அப்படி 7 மணி நேரம் என்றால் 210 லூமன் மணி. நடப்பதற்கும் தவழ்வதற்கும் 100 லூமனில் இரண்டரை மணி நேரம் என்றால் 250. பெரிய கூடத்தின் மேற்கூரையைப் பார்க்க 400 லூமனில் அரை மணி நேரம் என்றால் 200. உச்சத்தில் ஏற்படும் கூடுதல் இழப்புக்காக அதை 250 என்றே வைத்துக்கொள்கிறேன். மொத்தம் 710. பத்து மணி நேர வேலைக்குப் பிறகும் ஒரே செல்லில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம் இருக்கிறது. அளவைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: இந்தச் செல்களின் உறை எஃகு. திசைகாட்டியைக் கண்ணருகே பிடிக்கும்போது நெற்றியில் இருக்கும் விளக்கே அதன் காந்த முள்ளைத் திருப்பிவிடக்கூடும்.

ஒரு காலத்தில் குகையாளர்களின் விளக்கில் இருந்தது, மாம்பழத்தைப் பழுக்க வைக்கப் பயன்படும் அதே கார்பைடு கல்தான். தண்ணீர் பட்டதும் எழும் அசிட்டிலீன் வாயு அகலமான, இதமான சுடராக எரிந்தது. குகைச் சுவரில் கரியையும் தரையில் சுண்ணாம்புக் கழிவையும் விட்டுச் சென்றது. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானில் ஷூஜி நகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யை உருவாக்கியதும், அதன் மேல் மஞ்சள் ஒளிரிப்பொடியைப் பூசி வெள்ளை ஒளி பெற முடிந்ததும் இதையெல்லாம் மாற்றின. அதற்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தபோது நான் மனமார மகிழ்ந்தேன்.

வெளிச்சத்தைக் குறைக்கும் விதத்திலும் விளக்குக்கு விளக்கு வேறுபாடு உண்டு. சில விளக்குகள் மின்னோட்டத்தையே குறைக்கின்றன, இதில்தான் எல்.இ.டி.யின் முழுத் திறனும் கிடைக்கிறது. வேறு சில, எல்.இ.டி.யை முழு மின்னோட்டத்திலேயே வைத்து, நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைத்து ஏற்றி மங்கலாகக் காட்டுகின்றன. மங்கலான வெளிச்சத்துக்கும் உச்ச நிலையின் இழப்பைச் சுமக்க வேண்டியிருக்கிறது. எது எந்த வகை என்று அறியக் குகையிலேயே வழி இருக்கிறது. மேற்கூரையிலிருந்து சொட்டும் நீரை விளக்கொளியில் பாருங்கள். மின்னோட்டத்தைக் குறைக்கும் விளக்கில் துளி ஒரே கோடாக விழும். அணைத்து ஏற்றும் விளக்கில் அதே துளி கோத்த மணிகளைப் போலத் துண்டு துண்டாகத் தெரியும்.

செல் வாங்கும்போது ஏமாறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. 18650 அளவில் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தால் அது பொய். அந்த அளவு செல்லில் அவ்வளவு கொள்ளளவு கிடையாது. சமையலறை எடை இயந்திரத்தில் வைத்துப் பார்க்கலாம்: நல்ல செல் 45 கிராமுக்கு மேல் இருக்கும், போலிகள் பெரும்பாலும் அதைவிடக் கணிசமாக எடை குறைந்திருக்கும். குவாஹாத்திக்கு விமானத்தில் போகிறவர்கள் உதிரி லித்தியம் செல்களைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி உறைகளில் போட்டுக்கொள்ளுங்கள்.

தனித்தனிச் செல்லில் இயங்கும் மூன்று விளக்குகள் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் குகையாளர்கள் பின்பற்றும் விதி. மேலே போட்ட கணக்கில் எவ்வளவு மிச்சம் வந்தாலும் இதை நான் தளர்த்துவதில்லை. செல்லைக் கழற்ற முடியாமல் உள்ளேயே பொருத்திய விளக்கு, முதல் விளக்காக வேண்டாம். சேறு படிந்த விரல்களால் மூடியைத் திருகும்போது மணல் புகுந்தால் ரப்பர் வளையம் வழியாகத் தண்ணீர் கசியும். எனவே இரண்டாவது விளக்கை ஏற்றி, திருகைத் துடைத்த பிறகே திறக்க வேண்டும். செல்லின் நேர்முனைப் பக்கத்தில் சிறு ஒட்டுநாடாவைச் சுற்றி வைத்தால் எந்தப் பக்கம் முதலில் போக வேண்டும் என்பது விரலுக்கே தெரியும். எங்கள் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களை முகாமிலேயே கண்களைக் கட்டிக்கொண்டு செல் மாற்றிப் பழகச் சொல்கிறோம். தடுமாறாமல் மாற்றக் கற்றுக்கொண்ட பிறகே குகைக்குள் அழைத்துச் செல்கிறோம்.