திறக்காத பின்கதவும் பத்து ரூபாய் கிளிப்பும்

தாம்பரம் மார்க்கெட்டில் காய் வாங்கிவிட்டு வந்து கார் ரிமோட்டை அழுத்தினேன். நான்கு கதவிலும் பட்டன் மேலே எழும்பியது. மூன்று கதவு திறந்தது. இடது பின்கதவு மட்டும் அசையவில்லை. அது அப்பாவின் கதவு. முட்டிவலிக்காரர், சாலைப் பக்கம் இறங்கி ஏற முடியாது என்று எப்போதும் இடதுபுறம்தான் உட்காருவார். அன்றைக்கு ஆட்டோக்களுக்கு நடுவே வலது பக்கம் சுற்றிவந்து ஏறி, சீட்டில் நகர்ந்து நகர்ந்து தன் இடத்தைப் பிடித்தார். "வண்டியை வித்துடுடா" என்றார். முருங்கைக்காய்க் கட்டு அவர் மடியில்.

வழக்கமாகப் போகும் பட்டறையில் கேட்டேன். கதவு மூடிய நிலையில் உள்பக்க அட்டையைக் கழற்ற வேண்டும், உடைந்தால் பொறுப்பில்லை, லாக்கும் புதிதாகப் போட வேண்டும், எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய் என்றார்கள். வண்டி 2011 மாடல், மூன்றாவது கையாக என்னிடம் வந்தது. அதற்கு இவ்வளவா என்று ஒரு வீம்பு. நானே பார்க்கிறேன் என்று ஆரம்பித்ததுதான் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கியது. ஒழுங்காக யோசித்திருந்தால் ஒன்றே போதும்.

முதல் ஞாயிறு: வீண்

துரு என்று முடிவுகட்டிவிட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இந்த வண்டி ஒன்றரை நாள் தெருத் தண்ணீரில் நின்றது. அன்றிலிருந்து வண்டியில் எது கெட்டாலும் எங்கள் வீட்டில் மிக்ஜாம்தான் குற்றவாளி. துரு எடுக்கும் ஸ்பிரேயின் நீளக் குழாயைக் கதவு இடுக்கில் விட்டு அரை டப்பா அடித்தேன். எண்ணெய் வழிந்து தரையில் சொட்டியதுதான் மிச்சம்.

பக்கத்து வீட்டு அண்ணன் வந்து ஒரு வித்தை சொன்னார். ஒருவர் கைப்பிடியை இழுத்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் லாக் இருக்கும் இடத்தில் இடுப்பால் கதவை உள்ளே தள்ள வேண்டும். லாக்கின் மேல் இருக்கும் இறுக்கம் ஒரு கணம் குறையும்போது விடுபட்டுவிடும். நல்ல வித்தைதான், கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டை (பீடிங்) உப்பிப்போய்க் கதவு இறுகியிருந்தால் நிச்சயம் வேலை செய்யும். நான் இழுத்தேன், அவர் இடித்தார். பத்துப் பதினைந்து தடவை. எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்ததும் இருவரும் நிறுத்திக்கொண்டோம்.

சாயங்காலம் சும்மா உட்கார்ந்து மற்ற கதவுகளோடு இதை ஒப்பிட்டேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. பூட்டாத கதவின் வெளிக் கைப்பிடியை இழுத்தால் கடைசி அரை அங்குலத்தில் கை எதிர்ப்பை உணர்கிறது, அப்புறம் 'க்ளக்'. அதே கதவைப் பூட்டிவிட்டு இழுத்தால் எதிர்ப்பே இல்லை, தொளதொளவென்று வருகிறது. இந்தக் கதவும் தொளதொளவென்றுதான் வந்தது. உள்கைப்பிடியும் அப்படியே.

கார் கதவு எப்படிப் பூட்டுகிறது என்று தெரிந்தால் இது எவ்வளவு பெரிய துப்பு என்பது புரியும். கதவின் ஓரத்தில், பின்கதவானால் சீட்டின் முதுகுப் பக்கமாக, உள்ளங்கை அளவில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. அதைத்தான் கடையில் டோர் லாக் என்பார்கள். அதற்குள் பிளந்த நகம் மாதிரி ஒரு கொக்கி. கதவைச் சாத்தும்போது வண்டியின் உடலில் இருக்கும் வளைந்த கம்பி அந்தப் பிளவில் புகுந்து கொக்கியைத் திருப்புகிறது. திரும்பிய கொக்கியை ஒரு சின்ன இரும்பு நாக்கு பிடித்துக்கொள்கிறது. பாதி சாத்தினால் முதல் படியில், நன்றாகச் சாத்தினால் இரண்டாவது படியில். கைப்பிடியை இழுத்தால் நாக்கு விலகும், கொக்கி ஸ்பிரிங்கின் பலத்தில் திரும்பிவிடும். பூட்டும்போது இந்தக் கொக்கிக்கும் நாக்குக்கும் ஒன்றும் ஆவதில்லை. கைப்பிடிக்கும் நாக்குக்கும் நடுவிலான தொடர்பு விடுபடுகிறது, அவ்வளவுதான். கைப்பிடி வெறும் காற்றை இழுக்கிறது.

அப்படியானால் இந்தக் கதவில் கொக்கி துருப்பிடித்து இறுகியிருக்க வாய்ப்பு குறைவு. இறுகியிருந்தால் கைப்பிடி கல் மாதிரி இருந்திருக்கும். தொளதொளப்பு என்றால் ஏதோ ஒரு கம்பி கழன்றிருக்கிறது, அல்லது கதவு இன்னும் பூட்டியே இருக்கிறது. உள்ளும் வெளியுமாக இரண்டு கைப்பிடியின் கம்பியும் ஒரே நாளில் கழலுமா? கழலாது. ஆக, பூட்டித்தான் இருக்கிறது. ஆனால் பட்டன் மேலே நிற்கிறதே!

ரிமோட்டை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். இடது பின்கதவின் பட்டன் மற்ற மூன்றையும்விட அழகாக, லேசாக ஏறி இறங்கியது. "இதுதான் இருக்கறதுலயே நல்லா வேலை செய்யுது" என்று மனைவியிடம் சொன்னேன். சொன்ன வார்த்தையை நானே காதில் வாங்கவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது.

இரண்டாம் ஞாயிறு

கதவு திறந்திருந்தால் டோர் பேடை, அதாவது அந்த உள்பக்க அட்டையைக் கழற்றுவது இருபது நிமிட வேலை. மூடிய கதவில் அப்படியில்லை. பேடின் பின்ஓரம் சீட்டின் முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது, கீழ்ஓரம் சீட்டுக்குப் பக்கத்தில் புதைந்திருக்கிறது. முதலில் பின்சீட்டின் அடிமெத்தையைத் தூக்கினேன். என் வண்டியில் முன்ஓரத்தில் இரண்டு கொக்கிதான், வெடுக்கென்று மேலே இழுத்தால் வந்துவிடுகிறது. கீழே ஒரு சீப்பு, இரண்டு பேனா மூடி, காய்ந்த மல்லிகைச் சரம், மகள் யூகேஜியில் தொலைத்த தலைக் கிளிப்.

பின்கதவில் கண்ணாடிக்குக் கையால் சுற்றும் பிடிதான். அதைக் கழற்ற ஸ்க்ரூ எதுவும் கண்ணில் படாது. பிடிக்குப் பின்னால் குதிரைலாடம் போல ஒரு கம்பி ஸ்பிரிங் ஒளிந்திருக்கிறது. அதற்கு ஒரு பழைய பனியன் துணி போதும். பிடிக்கும் பேடுக்கும் நடுவே துணியை நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, ஷூவுக்குப் பாலிஷ் தேய்ப்பது போல இடமும் வலமுமாக இழுக்க வேண்டும். துணி ஸ்பிரிங்கின் காதில் மாட்டி அதை வெளியே தள்ளிவிடும். எனக்கு நாலாவது இழுப்பில் 'டிங்' என்று பறந்தது. பறக்கும் என்று தெரிந்தும் ஒரு கையால் மறைக்கவில்லை. அது முன்சீட்டுக்கு அடியில் போய் விழுந்து, தேட பத்து நிமிடம்.

கைப்பிடிக் குழியில் ஒரு ஸ்டார் ஸ்க்ரூ, கை வைக்கும் திண்டில் இரண்டு. பட்டனின் தலையைத் திருகிக் கழற்றினேன். பிறகு ஓரத்து பிளாஸ்டிக் கிளிப்புகள். உலோக ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பேட் உடையும் என்று சமையலறைத் தோசைத் திருப்பியை எடுத்தேன். மரத்தாலானது, நான்-ஸ்டிக் கல்லுக்கு வாங்கியது. ஒன்பது கிளிப்பில் மூன்று உடைந்தன. பின்ஓரத்துக் கிளிப்புகளுக்கு நெம்ப இடமே இல்லை, முன்பக்கத்தை விடுவித்துவிட்டு விரலை விட்டு இழுத்தேன். கடைசியில் பேடை வெளியே இழுக்கக் கூடாது, மேலே தூக்க வேண்டும். கண்ணாடி இடுக்கில் அது தொங்கிக்கொண்டிருக்கும்.

உள்ளே ஒரு பாலித்தீன் தாள், கறுப்புப் பசையால் ஒட்டியிருந்தது. வெயிலில் உருகிய தார் மாதிரி அந்தப் பசை. தொட்ட இடமெல்லாம் கறை, வேட்டி உட்பட. மழைத்தண்ணீர் கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்குவது சகஜம். அது வண்டிக்குள் வராமல் தடுப்பது இந்தத் தாள்தான். கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பின்பாதியை மட்டும் பிளேடால் மெல்லப் பிரித்து மடக்கி வைத்தேன்.

ஓட்டைக்குள் போனை விட்டு டார்ச்சோடு வீடியோ எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் கதை வெளியே வந்தது. எல்லாக் கதவையும் ஒரே அழுத்தலில் பூட்டித் திறக்கும் சென்ட்ரல் லாக் இந்த வண்டிக்குக் கம்பெனியிலிருந்தே வரவில்லை. பழைய சொந்தக்காரர் யாரோ வெளியே போட்டது. கைத்துப்பாக்கி வடிவத்தில் ஒரு சின்ன 12 வோல்ட் மோட்டார், அதன் கம்பியை பட்டனின் கம்பியோடு ஒரு கிளாம்ப் வைத்துப் பிணைத்திருந்தார்கள். மோட்டார் இழுத்தால் பட்டன் கம்பி ஏறும், இறங்கும். அந்தக் கம்பியின் அடிமுனை லாக்கின் நெம்புகோலில் மாட்டியிருக்க வேண்டும். மாட்டியில்லை. ஆட்டின் வால் போலத் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. மோட்டாரும் பட்டனும் தங்களுக்குள் ஏறி இறங்கி விளையாட, லாக் தன் பாட்டுக்குப் பூட்டிய நிலையிலேயே கிடந்திருக்கிறது. சுமக்க எதுவுமில்லாததால்தான் அந்தப் பட்டன் அவ்வளவு லேசாக ஏறியது.

லாக்கின் மூன்று ஸ்க்ரூவும் கதவின் விளிம்பில், மூடிய கதவில் தொட முடியாத இடத்தில். எனவே உள்ளிருந்தபடியே நெம்புகோலைத் தள்ள வேண்டும். ஓட்டையின் தகட்டு விளிம்பு பிளேடு மாதிரி இருந்தது; முதல் முயற்சியிலேயே மணிக்கட்டில் ஒரு கோடு. அப்பாவின் பழைய சாக்ஸின் நுனியை வெட்டி முழங்கை வரை மாட்டிக்கொண்டேன். கண்ணாடி ஓடும் சட்டம் குறுக்கே. கை போனால் கண் போகாது, கண் போனால் கை போகாது. போன் திரையைப் பார்த்துக்கொண்டே நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையால் நெம்புகோலைத் தேடினேன். கீழிருந்து மேலே தள்ளியதும் சிறியதாக ஒரு 'டிக்'.

"அப்பா, வெளிய இருந்து இழுங்க."

"திறக்காதுடா."

"இழுங்கப்பா."

இழுத்தார். கதவு திறந்தது. சாய்ந்து கிடந்த நான் கையோடு கூடவே வெளியே போனேன். சாக்ஸ் மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டது.

கதவின் அடியில் சேறு ஒரு விரல் கனம். அதற்குள் பழுப்பேறிய பிளாஸ்டிக் கிளிப், இரண்டு துண்டாக. கம்பியையும் நெம்புகோலையும் இணைக்கும் அந்தக் கிளிப்தான் உடைந்திருக்கிறது. மிக்ஜாமின் சேற்றுக்கோடு கதவுக்குள் தெளிவாகத் தெரிந்தது; அடியிலிருந்து ஒரு சாண் உயரம்தான். லாக் அதற்கும் மேலே. புயல் நிரபராதி. எங்கள் தெருவில் வண்டியின் இடதுபக்கம் மேற்கு பார்த்து நிற்கிறது. இத்தனை வருட மேற்கு வெயில் அந்த பிளாஸ்டிக்கைப் பிஸ்கட் ஆக்கியிருக்கும் என்பது என் ஊகம். விரலால் அழுத்தினாலே பொடிந்தது.

அன்றைக்குக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு, கதவைப் பூட்டாமல் விட்டுவைத்தேன்.

புதுப்பேட்டை

வாரநடுவில் அரைநாள் லீவு போட்டு புதுப்பேட்டை போனேன். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் அந்தத் தெருக்களில் கிளிப் கேட்டால் சிரிப்பார்களோ என்று தயக்கம். கடைக்காரர் சிரிக்கவில்லை. "கம்பி கொண்டாந்தீங்களா?" என்றார். நல்லவேளை, கழற்றிக் கொண்டுபோயிருந்தேன். ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்தார். வெள்ளை, மஞ்சள், பச்சை என்று கொட்டியது. கம்பியின் கனம் 4 மில்லிமீட்டர், அதற்கேற்ற துளை வேண்டும். அது தவிர இடது, வலது என்று இருக்கிறது, கம்பியைக் கவ்வும் வாய் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணாடியில் பார்த்த பிம்பம் மாதிரி. தெரியாமல் வாங்கியிருந்தால் இன்னொரு லீவு போயிருக்கும்.

"ஒண்ணு பத்து ரூவா. நாலு கதவுக்கும் மாத்திடுங்க தம்பி, ஒண்ணு போனா மத்ததும் போற வயசுதான்." ஆறு வாங்கினேன். பேடுக்கான கிளிப் பத்தும் சேர்த்து மொத்தம் 110 ரூபாய். டீ தனி.

மூன்றாம் ஞாயிறு

லாக்கைக் கழற்றினேன். அந்த மூன்று ஸ்க்ரூவும் லேசில் வராது. சரியான அளவு ஸ்டார் பிட் இல்லாமல் திருகினால் தலை வழுக்கிப்போகும், அப்புறம் ட்ரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பெரிய ஸ்க்ரூ டிரைவரை வைத்து சுத்தியலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, அதன் கழுத்தை ஸ்பேனரால் பிடித்துத் திருப்பினேன். வந்தது. மண்ணெண்ணெய்யில் ஊறவைத்து டூத்பிரஷ்ஷால் தேய்த்தேன். என் முதல் ஞாயிற்று ஸ்பிரே பழைய கிரீஸைக் கழுவி, கூடவே மண்ணையும் உள்ளே இழுத்து வைத்திருந்தது. காயவைத்து வெள்ளை கிரீஸ் தடவினேன். புதுக் கிளிப் 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் மூன்றும் சேற்றால் அடைத்திருந்தன. துடைப்பக்குச்சியால் குத்தியதும் ஒரு டம்ளர் பழுப்புத் தண்ணீர் ஒழுகியது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எல்லாம் மாட்டியபின் உடனே கதவைச் சாத்திப் பார்க்க ஆசை வரும். சாத்தாதீர்கள். கதவு திறந்திருக்கும்போதே ஸ்க்ரூ டிரைவரைக் கொக்கியின் பிளவில் வைத்துத் திருப்பி, இரண்டு படியும் விழுகிறதா பாருங்கள். பிறகு கைப்பிடியால் விடுவியுங்கள். பூட்டி ஒருமுறை, திறந்து ஒருமுறை, ரிமோட்டில் ஒருமுறை.

நல்லவேளை அப்படிப் பார்த்தேன். வெளிக் கைப்பிடி கச்சிதம். உள்கைப்பிடி தொளதொள. எனக்கு வியர்த்துவிட்டது. மறுபடி பேடைத் தூக்கி, கம்பியைப் பார்த்தேன்; மாட்டித்தான் இருந்தது. அரை மணி நேரம் கழித்துத்தான் கதவின் விளிம்பில் இருந்த குட்டி நெம்புகோல் கண்ணில் பட்டது. சைல்டு லாக். குழந்தைகள் உள்ளிருந்து கதவைத் திறந்துவிடாமல் உள்கைப்பிடியை மட்டும் செயலிழக்க வைப்பது. மகள் சின்னவளாக இருந்தபோது நான் போட்டது. அவள் இப்போது எட்டாவது படிக்கிறாள். முதல் ஞாயிறு நான் போட்ட கணக்கில் உள்கைப்பிடிச் சாட்சி பொய்ச்சாட்சி. விடை மட்டும் எப்படியோ சரியாக வந்திருக்கிறது.

இத்தனை வருடமும் அப்பா வண்டி நின்றதும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். நானோ மனைவியோ போய்த் திறந்த பிறகுதான் இறங்குவார். பெரிய மனுஷத் தோரணை என்று நினைத்திருந்தேன்.

"இந்தக் கைப்பிடி எனக்கு என்னிக்குமே திறந்ததில்லையேடா" என்றார்.

நெம்புகோலைத் தள்ளிவிட்டேன். நேற்று மருத்துவமனைக்குப் போகும்போது, வண்டி முழுசாக நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டார். பின்னால் வந்த ஸ்கூட்டிப் பெண் பிரேக் அடித்துத் திட்டிவிட்டுப் போனாள். சைல்டு லாக்கைத் திரும்பப் போடச் சொல்கிறாள் மனைவி.