அம்மாப்பேட்டை வீட்டுத் தறி: ஆடி மாதக் குறிப்புகள்

ஆகஸ்ட் 2, 2024, வெள்ளி

ஓட்டை போட்ட அட்டைகளைக் கொண்டு சேலையில் பூ எடுக்கும் ஜக்கார்டு பெட்டியைத் தறியிலிருந்து கழற்றிவிட்டு, பென் டிரைவிலிருந்து டிசைனைப் படிக்கும் மின்சாரப் பெட்டி மாட்டியாயிற்று. அட்டைகளை மூட்டை கட்டி வாசலில் வைத்தோம். ஒரு ஊடைக்கு (குறுக்கு இழைக்கு) ஓர் அட்டை என்பதால் ஒரு முந்திக்கே நூற்றுக்கணக்கில் இருக்கும். அட்டையில் ஓட்டை இருந்தால் அந்தப் பாவு இழை (நெடுக்கு இழை) மேலே ஏறும், இல்லையென்றால் கீழேயே கிடக்கும், அவ்வளவுதான் சூட்சுமம். 1804-ல் பிரான்சின் லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர் செய்த இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான் ஆங்கிலேயக் கணித அறிஞர் பாபேஜ் தன் கணக்குப் பொறிக்கும் ஓட்டை போட்ட அட்டைகளையே யோசித்தார். இப்போது கம்ப்யூட்டர் திரும்பி வந்து எங்கள் தறி மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பழைய காயலான் கடைக்காரர் வந்தார். அப்பா மூட்டையைத் தரவில்லை. மனசு வரவில்லை போல என்று நினைத்தேன், ஆனால் அவர் சொன்னது வேறு. ஜக்கார்டு வருவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் அடை கட்டித்தான், அதாவது பாவு இழைகளைக் கயிற்றில் கட்டிக் கையால் தூக்கித்தான், பூ எடுப்பார்களாம். தாத்தா ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றை இழுத்தது அப்பா. ஏழு வயசு. "இந்த அட்டை வந்துதான் கண்ணு நான் பள்ளிக்கூடம் போனேன்." இத்தனை வருஷத்தில் இதை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. இயந்திரம் வந்தால் கலை போச்சு என்று யாராவது பேசும்போதெல்லாம் இனி எனக்கு அந்தப் பையனின் கைதான் ஞாபகம் வரும்.

ஆகஸ்ட் 7, புதன்

தேசிய கைத்தறி தினம். பக்கத்துத் தறிக்காரர் கேட்டார், "கரண்ட் பெட்டி வெச்சா இது கைத்தறியாப்பா?" 1985-ன் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி விசைத்தறி அல்லாத தறி கைத்தறி. எங்கள் தறியில் இழையைத் தூக்குவது மட்டும் கரண்ட். நாடா ஓடுவது அப்பா கையால், ஊடையை நெருக்கும் பன்னையை அடிப்பதும் அவர்தான். மழை நாளில் நூல் ஈரம் கோக்கும்போது அடியை இளக்குவார். அது பென் டிரைவில் இல்லை.

சாயங்காலம் ஒரு சிக்கல். டிசைனில் உள்ள அன்னத்தின் மூக்கில் ஓர் இழை கூடுதலாக ஏறுகிறது, ஒவ்வொரு அன்னத்துக்கும். அட்டையாக இருந்தால் அந்த ஓட்டை மேல் ஒரு துண்டுக் காகிதத்தைப் பசை தடவி ஒட்டினால் தீர்ந்தது, இரண்டு நிமிஷ வேலை. இப்போது டிசைன் போட்டவருக்கு போன் செய்து, அவர் "நாளைக்கு" என்று சொல்ல, தறி சும்மா நின்றது. தறி நின்றால் கூலியும் நின்றது. எனக்கு இதில்தான் கோபம். பிழையைத் திருத்தும் உரிமை நெய்கிறவர் கையை விட்டுப் போகக் கூடாது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அண்ணன் மகன் லேப்டாப்பில் டிசைன் போடும் சாஃப்ட்வேரைப் போட்டுக்கொண்டு வந்தான். அப்பாவுக்கு முதலில் கட்டங்கள் கண்ணில் பிடிபடவில்லை, அப்புறம் "இது நம்ம கிராப் தாள்தானே" என்றார். பெரிதாக்கிக் காட்டியதும் மூக்கு நுனியில் இருந்த அந்தச் சிவப்புக் கட்டத்தை விரலால் தொட்டார். "இதைத்தான்டா அடைக்கணும்." அவனை நகரச் சொல்லிவிட்டு அவரே அழித்தார். அப்படியே சும்மா இருக்கவில்லை, அன்னத்தின் வாலை இரண்டு கட்டம் நீட்டினார், பிடிக்காமல் ஒன்றைக் குறைத்தார். முன்பெல்லாம் வாலை மாற்ற எத்தனை அட்டையைப் புதிதாகக் குத்த வேண்டியிருக்கும்!

ராத்திரி பத்தரை. இன்னும் வால்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டு மூன்றாவது தடவை.