எண்ணெய் பாக்கெட்டுக்குள் ஒரு வரி

கோத்தகிரியில் தேயிலை பறித்துவிட்டு வரும் பக்கத்து வீட்டு அக்கா, ஒரு லிட்டர் வாங்கிய இடத்தில் இப்போது அரை லிட்டர் சூரியகாந்தி எண்ணெய்தான் வாங்குகிறார். 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கான அடிப்படைச் சுங்க வரி பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமானது. நாம் உண்ணும் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. துறைமுகத்தில் கட்டிய வரி மலையேறி வந்து அவருடைய தாளிப்புக் கரண்டியில் உட்கார்ந்துகொண்டது.

நம் நாட்டு எண்ணெய்வித்து விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கத்தான் இந்த வரி என்றால், கிடைக்கட்டும். பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டுப் போராடும் நமக்கு அந்த வலி தெரியாதா? ஆனால் 2025 மே இறுதியில் வரி 10 சதவீதமாகக் குறைந்ததே! ஏற்றம் சில நாட்களில் எங்கள் மளிகைக் கடைக்கு வந்தது. இறக்கத்துக்கு மட்டும் ஏன் இத்தனை கொண்டை ஊசி வளைவுகள்?