ஒன்பதாம் வசனம்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும், தட்டில் அடுக்கியிருக்கும், வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு வீடு திரும்புவது எங்கள் சபை வழக்கம். போன வருடம் என் கைக்கு வந்தது சங்கீதம் 32:8. "நான் உனக்குப் போதித்து, நீ நடக்கவேண்டிய வழியை உனக்குக் காட்டுவேன், உன்மேல் என் கண்ணை வைத்து, உனக்கு ஆலோசனை சொல்லுவேன்." பெரம்பூர் வீட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன். பிப்ரவரியில் அதற்கு வேலை வந்தது.

கிண்டியில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கோவைக் கிளைக்குப் பொறுப்பாளராகப் போகிறீர்களா என்று கேட்டார்கள். மாதம் 11,000 ரூபாய் கூடுதல். பதில் சொல்ல மூன்று வாரம் அவகாசம். மகள் ஜூனில் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். கணவரைக் கேட்டால், "கர்த்தர் என்ன சொல்கிறாரோ அப்படியே செய்" என்றார். பக்தியான பதில்தான். கழன்றுகொள்ளவும் தோதான பதில்.

முதலில் செய்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து விரலை வைத்தேன். 1 நாளாகமம். ஆதாம், சேத், ஏனோஸ் என்று தொடங்கி ஒன்பது அதிகாரங்களுக்கு வம்ச அட்டவணை ஓடும் இடம். அத்தனை பெயர்களில் கோவைக்குப் போ என்று எங்கே தேடுவது?

அடுத்து, கடவுளிடம் அடையாளம் கேட்ட வேதாகமக் கிதியோனின் வழி. அவன் மயிருள்ள தோலைக் களத்தில் போட்டு, பனியில் தோல் மட்டும் நனைந்து தரை காய்ந்திருக்க வேண்டும் என்று கேட்டான். விடிந்ததும் பிழிந்தால் ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர். அது போதாமல் மறுநாள் அதையே தலைகீழாகக் கேட்டான். பெரம்பூரில் தோலுக்கும் களத்துக்கும் எங்கே போவது? வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் கோவை என்று முடிவு செய்துகொண்டேன். 5:40க்கு வந்தது. கடன் வேண்டுமா மேடம் என்றது ஒரு பெண்குரல். அப்படித் தினமும் நாலு அழைப்பு வரும் போனை வைத்துக்கொண்டு அதை அடையாளமாகக் கேட்டது என் புத்தி. ஒரு நாள் உபவாசமும் இருந்தேன். தலைவலிதான் மிச்சம்.

ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு ஆயரிடம் போய், "ஐயா, எவ்வளவு கேட்டும் பதிலே வரவில்லை" என்றேன். அட்டையில் என்ன வசனம் என்று கேட்டார். ஒப்புவித்தேன். "அதற்கு அடுத்த வசனம்?" தெரியவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். தன் வேதாகமத்தைத் திருப்பிக் காட்டினார். வாரினாலும் கடிவாளத்தினாலும் வாய் கட்டப்பட்டாலொழிய கிட்டச் சேராத குதிரையைப்போலவும் கோவேறு கழுதையைப்போலவும் இருக்கவேண்டாம் என்கிறது ஒன்பதாம் வசனம். அட்டை அச்சிடுகிறவர்கள் எட்டோடு நிறுத்திக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை. கழுதையை யார் பிரிட்ஜில் ஒட்டுவார்கள்?

"கிதியோனுக்குச் செய்ய வேண்டியதை முன்பே சொல்லியாயிற்று அம்மா. தோலைப் போட்டது பயத்தினால். உங்களுக்கு எதில் பயம்? வீட்டில் யார் யாரிடம் பேசினீர்கள்?" என்றார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ரயில் வழக்கம்போல் பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்கு நின்றது. அட்டையில் இருந்த "உன்மேல் என் கண்ணை வைத்து" மனதில் ஓடியது. சின்ன வயதில் யார் வீட்டுக்காவது போனால், இரண்டாவது முறுக்குக்குக் கை நீளும்போது அம்மா ஒரு பார்வை பார்ப்பாள். ஒரு சொல் வராது. கை தானாகத் திரும்பிவிடும். ஆனால் அதற்கு நான் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே! பத்து நாளாக எங்கள் வீட்டில் யாருடைய முகத்தையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. முக்கியமாக அத்தையின் முகத்தை. நான் போனால் வீடும் பிள்ளையும் அவர் தலையில்தான் விழும். மாமியாரிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் தப்பிக்கவே கடவுளிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

அன்று மாலை அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். நிமிரவில்லை. "என்னிடம் எப்போது கேட்பாய் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார். பிறகு, பொங்கல் வாரத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்ததைச் சொன்னார். இடுப்பில் கன்றிப்போய் பத்து நாள் இருந்ததாம். சொன்னால் பதறுவோம் என்று யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரிகளில் அவர் அறையிலிருந்து வந்த தைல வாசனை எனக்கும் தெரியும். தலைவலி என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தியிருக்கிறேன்.

"நீ போ, நான் சமாளிப்பேன்" என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாரமே குளியலறையில் பிடிமானக் கம்பி பொருத்தினோம். இந்த முறை கணவர் கர்த்தரைக் கேட்கச் சொல்லாமல் தானே கடைக்குப் போனார். அலுவலகத்தில், இப்போது முடியாது, மகளின் தேர்வு முடிந்தபின் வாய்ப்பு இருந்தால் சொல்லுங்கள் என்றேன். குறித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். வேறொருவர் போனார். அங்கே நன்றாக இருக்கிறாராம்.

இதுதான் தேவசித்தம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அப்போஸ்தலர் 16இல் பவுலை ஆசியாவுக்கும் (அன்று அது ஒரு ரோம மாகாணத்தின் பெயர்) போகவிடாமல், பித்தினியாவுக்கும் போகவிடாமல் ஆவியானவர் தடுக்கிறார். எப்படித் தடுத்தார் என்று அங்கே எழுதியில்லை. காய்ச்சலோ, வழியில் தகராறோ, யாருக்குத் தெரியும். எங்கே போக வேண்டும் என்ற தரிசனம் துரோவா ஊரில்தான் இரவில் கிடைக்கிறது. அதுவரை நடந்துகொண்டே இருந்திருக்கிறார்கள்.

அடையாளம் கேட்பதை விட்டுவிட்டேன். மார்ச் மாதம் ஒரு பில்லின் தேதியை மாற்றிப் போடச் சொன்னார்கள். அதற்குத் தோலும் வேண்டாம், பனியும் வேண்டாம், மாட்டேன் என்றேன். மாதம் 25ஆம் தேதி தாண்டினால் அந்த 11,000 நினைவுக்கு வருகிறது. பேசின் பிரிட்ஜில் ரயில் நிற்கும்போது அதையும் சொல்லித்தான் ஜெபிக்கிறேன்.