ஏழு தட்டு

மூன்று வருடமாக என் சனிக்கிழமை இப்படித்தான். காலையில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மிருதங்க வகுப்பு. மதியம் தபேலா ஜோடியைத் தூக்கிக்கொண்டு அம்பாங் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடிக்குப் போவேன். கீழே டயர் கடை, மேலே ஆப்கான் அகதிப் பிள்ளைகளின் படிப்பகம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. அரசுப் பள்ளிகளில் இவர்களுக்கு இடம் கிடையாது. அதனால்தான் இப்படி ஓர் அறை.

போவதற்கு முன் கொஞ்சம் படித்துக்கொண்டேன். காபூலில் இசைக்காரர்கள் வாழ்ந்த கராபாத் தெரு 1990களின் உள்நாட்டுப் போரிலேயே இடிந்துபோனது. அப்புறம் 1996 முதல் 2001 வரை தாலிபான் ஆட்சி, இசைக்குத் தடை. சாவடிகளில் பிடுங்கிய கேசட்டுகளின் நாடாவை உருவிக் கம்பங்களில் தொங்கவிட்டார்கள். 2010இல் அஹ்மத் சர்மஸ்த் காபூலில் தேசிய இசைக் கழகத்தைத் திறந்து, இடங்களில் பாதியை அநாதைப் பிள்ளைகளுக்கும் தெருவில் பிழைத்த பிள்ளைகளுக்கும் ஒதுக்கினார். பெண்கள் மட்டுமே வாசிக்கும் ஸோஹ்ரா குழு அங்கிருந்துதான் வந்தது. 2014இல் ஒரு நாடகம் நடக்கும்போது தற்கொலைக் குண்டு வெடித்தது. அதில் சர்மஸ்தின் காதே பாதிக்கப்பட்டது. இசைக்காரருக்குக் காது! சிகிச்சை முடிந்து திரும்பி வந்து பள்ளியை நடத்தினார். 2021இல் தாலிபான் மறுபடி வர, மாணவர், ஆசிரியர், குடும்பத்தார் என 273 பேர் தோஹா வழியாகப் போர்ச்சுகல் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஒரு பள்ளியே இடம் பெயர்ந்தது. என் மாடிக்கு வந்தவர்களோ ஒவ்வொரு குடும்பமாக, கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர்கள்.

ஒன்றுமில்லாமல் என்று நானாக நினைத்துக்கொண்டதுதான் தப்பு.

முதல் மாதம் தீன் தாள் என்ற பதினாறு மாத்திரை இந்துஸ்தானித் தாளத்தைச் சொல்லிக் கொடுத்தேன். மத்தியான மழையில் தோல் ஈரம் குடித்துச் சுருதி இறங்கிவிட்டது. சுத்தியலால் கட்டைகளைத் தட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். சும்மா இருந்த ஒரு பையன், பன்னிரண்டு வயது இருக்கும், பெஞ்சில் விரலால் தட்டினான். மூன்று, இரண்டு, இரண்டு. அட, நம்ம கர்நாடக சங்கீதத்து ஏழு எண்ணிக்கைத் தாளம், மிஸ்ர சாப்பு! நானும் கூடச் சேர்ந்து தகிட தகதிமி என்று வாசித்தேன். அவன் தலையை ஆட்டினான். “இல்ல உஸ்தாத்.” உஸ்தாத் என்றால் ஆசான். கணக்கு அதே ஏழுதான். ஆனால் அழுத்தம் நான் வைக்கும் இடத்தில் விழவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, அவனுக்கு வேண்டிய இடத்தில் போட்டான். அந்தத் தாளத்துக்கு அவர்கள் ஊரில் முகுலி என்று பெயராம். ஊர்க் கல்யாணங்களில் மாமா வாசிப்பாராம். அவனுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை.

அதற்கப்புறம் என் பாடத்திட்டத்தை மூட்டை கட்டி வைத்தேன். முதல் அரை மணி அவர்கள் வீட்டில் கேட்டதைப் பாடுவார்கள், நான் போனில் பதிவு செய்வேன். உண்மையில் கராபாத் உஸ்தாதுகளின் முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து காபூல் அரசவைக்குப் போனவர்கள். தபேலா அவர்களுக்கு என்னால் புதிதாக வந்த சரக்கில்லை.

ஒரு தடவை பெருமை தாங்காமல் பிள்ளைகள் வாசிப்பதை முகநூலில் போட்டுவிட்டேன். மறுநாளே ஒரு தாய் படியேறி வந்தார். மலாயில் நான்கே சொல். “சிகு, அபாங் சாயா சானா.” வாத்தியாரே, என் அண்ணன் இன்னும் அங்கே, ஆப்கானிஸ்தானில்தான் இருக்கிறார். நான் அந்தப் பதிவை நீக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

இந்த வேலையில் இன்னொரு சங்கடம், யாரும் தங்குவதில்லை. கோலாலம்பூர் அவர்களுக்கு வழியில் ஒரு நிறுத்தம்தான். போன மார்ச்சில் அந்தப் பையனின் குடும்பத்துக்குக் கனடாவுக்குப் போக அனுமதி வந்துவிட்டது. நல்ல செய்திதான். தீன் தாளில் பாதியில் நிற்கிறான்.

போன வாரம் பிரிக்பீல்ட்ஸ் வகுப்பில் அந்த முகுலியை மிருதங்கத்தில் வாசித்துக் காட்டினேன். முன்வரிசைப் பெண் முகத்தைச் சுளித்தாள்.

“சார், மிஸ்ர சாப்புதானே? ஏன் நொண்டுது?”

“நொண்டலை,” என்று அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினேன். “இங்க போடு.”