நீலி கதையைப் பத்து வயதுப் பிள்ளைக்கு எழுதுவது

கள்ளியங்காட்டு நீலி கதையில் நகைக்காக நடக்கும் கொலை உண்டு. பெற்ற அப்பனே காட்டில் விட்டுவிட்டுப் போகும் இரட்டைப் பிள்ளைகள் உண்டு. கள்ளிக் கொப்பு ஒன்று குழந்தையாகி ‘அப்பா’ என்று கூப்பிடுவது உண்டு. விடியும்போது பூட்டிய அறைக்குள் ஒரு பிணம் உண்டு. இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுதலாமா என்று கேட்டால், எழுதலாம், எழுத வேண்டும் என்பதுதான் என் பதில். நாகர்கோவிலைச் சுற்றி வளரும் பிள்ளைக்கு இந்தக் கதை எப்படியும் வந்து சேரும். பார்வதிபுரம் பக்கம் கள்ளியங்காட்டைக் கடக்கும்போது யாராவது ஒரு வரி சொல்வார்கள். நீலியே தெய்வமானதாகச் சொல்லப்படும் முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் முன்னால் வண்டிகள் நின்று காணிக்கை போட்டுவிட்டுப் போவதைப் பிள்ளை பார்க்கும். அரைகுறையாகக் கேட்ட பேய்க்கதைதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும். முழுசாகச் சொன்ன கதை அப்படிச் செய்வதில்லை, ஏனென்றால் முழுக்கதையில் பயத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது: யார் செய்தது, யார் பார்த்தது, யார் விலை கொடுத்தது.

எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்கு இருட்டுக் கதையை மறுபடி சொல்லும் வேலை முழுக்க இந்தக் கணக்கைச் சுற்றித்தான். கணக்கில் கை வைக்கக் கூடாது. விவரணையில் எவ்வளவு வேண்டுமானாலும் கை வைக்கலாம்.

ஜெர்மனியில் நாட்டுக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் செய்தது இதற்கு நேர் எதிர். 1812இல் வந்த முதல் தொகுதியில் பனிவெள்ளையை (ஸ்னோ ஒயிட்) கொல்லச் சொன்னவள் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். ஹான்சல், கிரெட்டல் கதையில் பிள்ளைகளைக் காட்டில் விடச் சொன்ன அம்மாவும் 1840 பதிப்பில் மாற்றாந்தாய் ஆனாள். ஆனால் பனிவெள்ளைக் கதையில் அந்த அரசியின் காலில் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பை மாட்டி, சாகும்வரை ஆட வைக்கும் தண்டனை 1857இன் கடைசிப் பதிப்பு வரை அப்படியே இருந்தது. குற்றம் செய்த ஆளை மாற்றினார்கள், வதையை விட்டுவைத்தார்கள். சித்தியோடு வளரும் பிள்ளைகள் நம் வகுப்புகளிலும் இருக்கிறார்கள். அந்தத் திருத்தம் யாரைக் காப்பாற்றியது என்று தெரியவில்லை; அவர்களை மட்டும் கட்டாயம் குத்துகிறது.

இனி நீலி. தெற்கே வில்லுப்பாட்டில் பாடப்படும் கதையின் எலும்பு இது. லட்சுமி என்ற பெண் ஒருவனை நம்பி அவன் பின்னால் போகிறாள். காட்டில் அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். தலையை மெல்ல மணல்மேட்டுக்கு மாற்றிவிட்டு, கல்லைப் போட்டுக் கொன்று, நகையோடு போகிறான். கள்ளிதான் சாட்சி. தேடி வந்த அண்ணன் அங்கேயே உயிரை விடுகிறான். கொன்றவனைப் பாம்பு கடிக்கிறது. அண்ணனும் தங்கையும் சோழ ராஜாவுக்கு நீலன், நீலி என்று இரட்டையாகப் பிறக்கிறார்கள். கொன்றவன் ஆனந்தன் என்ற வியாபாரியாகப் பிறக்கிறான். மாடுகள் ராத்திரியில் காணாமல் போக, இந்தப் பிள்ளைகள்தான் தின்கிறார்கள் என்று தெரிந்து ராஜா அவர்களைக் காட்டில் விடுகிறார். பிற்பாடு ஆனந்தன் அந்த வழியே வருகிறான். நீலி அவனைத் தன் புருஷன் என்று ஊர்ப் பஞ்சாயத்தில் முறையிடுகிறாள்; பெரியவர்கள் அவன் உயிருக்குப் பொறுப்பேற்று இருவரையும் ஒரே அறையில் தங்கவைக்கிறார்கள்; விடியும்போது அவன் பிணம். பாடுகிறவருக்குப் பாடுகிறவர் சில்லறை விவரங்கள் மாறும். அ.கா. பெருமாள் போன்ற நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்களின் உழைப்பால் இந்த வட்டாரக் கதைப்பாடல்கள் பல அச்சில் இருக்கின்றன. எழுத உட்காரும் முன் அச்சு வடிவம் ஒன்றையாவது வாசித்து, கோயில் கொடை விழாவில் ஒரு தடவையாவது நேரில் கேட்டுவிடுவது நல்லது. வில்லும் உடுக்கையும் குடமும் எந்த இடத்தில் ஏறுகின்றன, எங்கே தணிகின்றன என்பது காகிதத்தில் கிடைக்காது.

நீளத்தைப் பொறுத்தவரை, ஒரே உட்காரலில் வாசித்துக் காட்டுவதற்கு 1,550 சொல் போதும். கொலைக்கு 250, இரட்டைப் பிள்ளைகளுக்கு 350, வழிப்பயணத்துக்கும் கள்ளிக் குழந்தைக்கும் 450, ஊர்ப் பஞ்சாயத்துக்கு 250, ராத்திரிக்கும் விடியலுக்கும் 150, கோயிலுக்கு 100. பெரும்பாலானவர்கள் இந்த 450ஐயும் 150ஐயும் தலைகீழாக்கி எழுதுகிறார்கள். கடைசி ராத்திரியை நீட்டினால் ரத்தம் எழுத வேண்டிவரும், வேறு வழி இருக்காது. நீட்ட வேண்டியது கள்ளிக் குழந்தையைத்தான்.

கொலையை நாலைந்து வாக்கியத்தில் முடியுங்கள், அதையும் கள்ளியின் கண்ணால் சொல்லுங்கள். செடிக்கு மனிதர் செய்வதன் அர்த்தம் முழுசாகத் தெரியாது. கேட்கிற பிள்ளைக்குத் தெரியும். அந்த இடைவெளிதான் பயத்தைத் தாங்கக் கூடியதாக்குகிறது. உதாரணத்துக்கு:

‘அவன் அவள் தலையை மெல்லத் தூக்கி மணலில் வைத்ததைக் கள்ளி பார்த்தது. பெரிய கல் ஒன்றைத் தேடி எடுத்ததையும் பார்த்தது. பிறகு காட்டில் ஒரு பறவைகூடப் பேசவில்லை. அவன் போகும்போது அவன் மடிச்சீலையில் வளையல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே போயின.’

இதில் ரத்தம் என்ற சொல் இல்லை. ‘பயங்கரமான’, ‘கொடூரமான’ என்ற அடைமொழிகளும் இல்லை. அடைமொழி போட்டால் எழுதுகிறவர் பயப்படுகிறார். பிள்ளைக்குப் பயப்பட இடமே இருக்காது. ஆனால் கல், நகை, போகிறவன் மூன்றும் இருக்கின்றன. இவற்றில் எதை எடுத்தாலும் பின்னால் நீலியின் கோபம் காரணமில்லாத கோபமாகிவிடும், அவள் வெறும் பேயாகிவிடுவாள்.

மூலத்தில் லட்சுமி தாசி குலத்துப் பெண். அவள் தாய் அந்த மனிதனின் சொத்தை உறிஞ்சித் துரத்துகிறாள். இதை அப்படியே வெட்டிவிடலாம். பிள்ளைக்குப் புரியாத உறவு என்பது ஒரு காரணம். கொன்றவனுக்கு வக்காலத்து வாங்கும் பகுதி அது என்பது இன்னும் பெரிய காரணம். ‘அவனைக் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டு வந்தாள்’ என்ற ஒரு வரி போதும். சாதிப் பெயர்களையும் எடுத்துவிட்டு வியாபாரி, பூசாரி, ஊர்ப் பெரியவர் என்று தொழிலாலும் பொறுப்பாலும் சொல்லுங்கள். மறுபிறப்பை விளக்க வேண்டாம். ‘மறுபடி பிறந்தாள்’ என்றால் எந்த மதத்துப் பிள்ளையும் கதையின் விதியாக எடுத்துக்கொள்ளும். விளக்கப் போனால்தான் கேள்வி வரும். நீலன் கொல்லப்படுவது தனிக் கிளை, அதை விட்டுவிடலாம்.

ராஜா பிள்ளைகளைக் காட்டில் விடுவதை மட்டும் மாற்றாதீர்கள். மந்திரி செய்தான் என்றோ சித்தி தூண்டினாள் என்றோ எழுதக் கூடாது. அப்பா விட்டார். திரும்பிப் பார்க்காமல் தேரில் ஏறினார். இந்த வயதில் பிள்ளைகள் ரகசியமாகச் சுமக்கிற பெரிய பயம் அதுதான். அதைக் கதை வாய்விட்டுச் சொல்வது அவர்களுக்கு ஆறுதல்.

கள்ளிக் குழந்தை. ஆனந்தனை வழிமறிக்கும் நீலி ஒரு கள்ளிக் கொப்பை ஒடித்து இடுப்பில் வைக்கிறாள், அது குழந்தையாகிறது. இதை மெதுவாக, பகல் வெளிச்சத்தில் எழுதுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடியில் அடிக்கிற காற்றை உள்ளே கொண்டுவாருங்கள்: எல்லார் துணியும் பறக்கிறது, குழந்தையின் தலைமுடி மட்டும் அசையவில்லை. அது கீழே விழுந்து முழங்கால் சிராய்க்கிறது, சிராய்ப்பில் வெள்ளையாகப் பால் கசிகிறது. ஆனந்தன் மட்டும் அதைப் பார்க்கிறான். இந்த இடத்தில் பத்து வயதுப் பிள்ளை உடம்பைக் குறுக்கிக்கொள்ளும். வெட்டுக்குத்து ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. (கள்ளிப்பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரிந்து கண்ணைப் புண்ணாக்கும். கேட்ட பிள்ளை நிச்சயம் வேலியில் ஒரு கொப்பை ஒடித்துப் பார்க்கும். ஆகவே கதைக்குள்ளேயே ஆனந்தன் கண்ணைத் தேய்த்துக்கொண்டு துடிப்பதாக ஒரு வரி வைத்துவிடுங்கள்.)

அடுத்து பஞ்சாயத்து. அவன் கள்ளி என்கிறான், ஊர் குழந்தை என்கிறது. தான் உண்மை சொல்லியும் பெரியவர்கள் நம்பாத அனுபவம் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. அதனால் கொலைகாரன் பக்கமே கொஞ்சம் மனசு சாயும். சாயட்டும். அதைத் தடுக்க அவனைக் கோமாளியாகவோ முட்டாளாகவோ ஆக்குவதுதான் இந்த வகை எழுத்தில் அடிக்கடி நடக்கிற கெடுதல். சிரிப்பு மூட்டிய உடனே கதையின் எடை போய்விடும். கதை சொல்வது எழுத்துத் தமிழில் இருக்கட்டும், பேச்சு மட்டும் ஊர்ப்பேச்சாக இருக்கட்டும். ‘ஓய், பிள்ளை ஒம்மளப் பாத்துத்தான அப்பான்னு விளிக்கு’ என்று ஒரு பெரியவர் கேட்டால் நாஞ்சில் நாட்டுப் பிள்ளைக்கு அந்தச் சபை கண்முன் வந்துவிடும். மதுரைப் பிள்ளைக்கும் ‘விளிக்கு’ இடம் பார்த்துப் புரியும், அடிக்குறிப்பு வேண்டாம். ஆனால் ஒரு பக்கத்துக்கு நாலைந்து வட்டார வரிகளுக்கு மேல் போனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தானே வாசிக்கத் திணறும்.

ராத்திரியைக் கதவுக்கு வெளியே நின்று எழுதுங்கள். தாழ்ப்பாள் விழும் சத்தம், குழந்தை அழுவது, அழுகை நிற்பது. காலையில் கதவைத் திறந்தால் அவன் அசையாமல் கிடக்கிறான், பக்கத்தில் ஒரு கள்ளிக் கொப்பு. மார்பைக் கிழித்தது, குடலை மாலையிட்டது எல்லாம் வில்லுப்பாட்டில் சாமியாட்டத்தோடு சேர்ந்து வேறு பொருள் கொள்ளும். தனியாகக் காகிதத்தில் அது அருவருப்பு மட்டும்தான்.

மூலத்தைத் தைரியமாக மாற்ற வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ‘இவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு’ என்று வாக்குக் கொடுத்த ஊர்ப் பெரியவர்கள் தீயில் இறங்கி உயிரை விடுகிறார்கள். திருவாலங்காட்டுப் பக்கம் வழங்கும் பழையனூர் நீலி கதையில் எழுபது வேளாளர்கள் இப்படிச் செய்கிறார்கள். சொன்ன சொல்லுக்காகத் தன்னை எரித்துக்கொள்வதை உயர்ந்த செயலாகப் பிள்ளைக்குச் சொல்ல எனக்குச் சம்மதமில்லை. விலை இருக்க வேண்டும், தீ வேண்டாம். பெரியவர்கள் தலைப்பாகையை அவிழ்த்துச் சபையில் வைத்துவிட்டு, இனி எந்த வழக்குக்கும் தீர்ப்புச் சொல்ல மாட்டோம் என்று போகட்டும்.

முடிவுக்கு இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு வழிகள் தயாராக இருக்கின்றன. 1949 வரை திருவிதாங்கூரோடும் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மண் இது. மலையாள வழக்கில் கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதப் பாதிரியார் யட்சியான (பெண் பேயான) நீலியின் தலையில் இரும்பாணி அறைந்து அடக்குவார். தமிழ் வழக்கில் நீலி இசக்கியாகி, ஊர் அவளுக்குக் கோயில் எடுக்கிறது. பிள்ளைகளுக்கு இரண்டாவதுதான் சரி. ஆணி அறைந்தால் பேய் எப்போது ஆணியைப் பிடுங்கும் என்று பிள்ளை காத்துக்கொண்டே இருக்கும். கோயில் எடுத்தால் கோபத்துக்கு உட்கார ஒரு இடம் கிடைத்துவிடுகிறது. அநியாயம் நடந்ததை ஊரே ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் அது. மேலும், இசக்கி இங்கே பல வீடுகளில் குலதெய்வம், பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டும் தாய். வகுப்பில் நாலு பேராவது அவளைக் கும்பிடுகிற வீட்டிலிருந்து வருவார்கள். ஓவியருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்: கோரைப்பல், கலைந்த முடி, வெள்ளைச் சேலை வேண்டாம். இடுப்பில் குழந்தையோடு நிற்கும் சுடுமண் இசக்கிகளையும், சிதறால் மலையில் சமணப் பாறைச் சிற்பமாக இருக்கும் அம்பிகையையும் பார்த்து வரையச் சொல்லுங்கள்.

எழுதி முடித்ததும் சத்தமாக, பகலில், கலந்த வயதுப் பிள்ளைகளிடம் வாசியுங்கள். வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவதுபோல மூன்று இடத்தில் பிள்ளைகள் சேர்ந்து சொல்ல ஒரு வரி வையுங்கள்; ‘கள்ளி பார்த்தது’ என்பது நன்றாகப் பொருந்தும். கூட்டாகக் குரல் கொடுக்கும்போது சின்னதுகளின் பயம் தணியும். சிரிப்பு வரக் கூடாத இடத்தில் சிரித்தால் அங்கே வாக்கியம் நீளம். ‘ஏன் அவளைக் கொன்னான்?’ என்று பாதியில் கேட்டால் முதல் 250 சொல்லில் நகை சரியாக விழவில்லை. ‘அந்தக் குழந்தை என்ன ஆச்சு?’ என்று கடைசியில் கேட்டால் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது. கொப்பைக் கோயில் வாசலில் நட்டதாகக் கடைசி 100 சொல்லுக்குள் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.